தங்கத்தைப் பிரித்துக்கொண்டோம், எஃகுக் கடிகாரத்தை யாரும் கேட்கவில்லை. இப்போது என்ன செய்வது?

கார்முகில்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் அப்பா கட்டியிருந்த கைக்கடிகாரம் இப்போது என்னிடம் இருக்கிறது. தாத்தா காலமானபோது வீட்டில் இருந்த தங்கத்தைப் பெரியம்மா, மாமா, அம்மா மூவரும் எடைபோட்டுப் பிரித்துக்கொண்டார்கள். நின்றுபோயிருந்த இந்த எஃகுக் கடிகாரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. "உனக்குத்தான் தாத்தா மேல் உயிர், நீயே வைத்துக்கொள்" என்று பெரியம்மா என்னிடம் கொடுத்தார். பல வருடங்களாக அலமாரியில் கிடந்தது.

ஓட வைத்து, பாலிஷ் போட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்று அண்மையில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். பின்மூடியைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தவர், "இதற்குப் பாலிஷ் போடச் சொன்னீர்கள். நான் போடமாட்டேன், வேறு யாரிடமும் போடாதீர்கள்" என்று சொல்லி மூடித் தந்துவிட்டார். லான்ஜீன் என்ற சுவிஸ் கடிகார நிறுவனத்தின் 13 இசட்.என். என்ற இயந்திரம் உள்ளே இருக்கிறதாம். நல்ல நிலையில் உள்ள ஒன்று என்ன விலைக்குப் போகும் என்று அவர் சொன்ன தொகை என் ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டுகிறது.

முகப்பு பழுப்பேறியிருக்கிறது. முட்களில் பூசிய பச்சை உதிர்ந்திருக்கிறது. பக்கவாட்டில் கீறல்கள். இந்த நிலையிலா அவ்வளவு விலை? அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் உடனே பணம் தருவதாகச் சொல்லித் தொலைபேசி எண் கொடுத்திருக்கிறார். அவரை நம்பலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியம்மாவிடமும் மாமாவிடமும் இதைச் சொல்ல வேண்டியது என் கடமையா? இரவில் தூக்கம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

பழுதுமேசை

அம்மா, முதலில் அந்தப் பழுதுபார்ப்பவருக்கு நன்றி சொல்லுங்கள். கைக்கு வந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல மனம் வேண்டும்.

13 இசட்.என். 1936-இல் வந்த இயந்திரம். கையால் சாவி கொடுப்பது. அதன் சிறப்பு இதுதான்: சாதாரண நிறுத்துக் கடிகாரத்தில் (மணி காட்டுவதோடு, கழிந்த நேரத்தையும் அளக்கும் கைக்கடிகாரம்) நொடி முள்ளை முதலில் நிறுத்த வேண்டும், பிறகு பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், பிறகு மறுபடி ஓட விட வேண்டும். இதில் முள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்தினால் பூஜ்யத்துக்குத் தாவும், கையை எடுத்ததும் ஓடத் தொடங்கும். திசை மாறும் ஒவ்வொரு முறையும் நேரத்தைப் புதிதாக அளக்க வேண்டியிருந்த விமானிகளுக்கு இது பெரிய உதவி. 1947-இல் 30 சி.எச். என்ற அடுத்த இயந்திரம் வந்தது. இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்த என்னைப் போன்றவர்களுக்கு 13 இசட்.என். மேல் தனி மரியாதை உண்டு. அதன் பாகங்களைச் செதுக்கி முடித்திருக்கும் நேர்த்தியை இன்றைய கடிகாரங்களில் காண்பது அரிது.

இப்போது செய்யக் கூடாதவை. பாலிஷ் கூடாது. பாலிஷ் என்பது உலோகத்தைத் தேய்த்து எடுப்பது. வார் மாட்டும் காதுகளின் கூர்மையான விளிம்பு ஒருமுறை மழுங்கிவிட்டால் திரும்ப வராது. கீறல் உள்ள கடிகாரத்தை வாங்கச் சேகரிப்பாளர்கள் போட்டி போடுவார்கள், மழுங்கிய கடிகாரத்தைக் கண்டால் ஒதுங்குவார்கள். முகப்புக்குப் புது வண்ணம் பூசக் கூடாது, மாற்றவும் கூடாது. இந்த வகைக் கடிகாரத்தின் விலையில் பெரும்பங்கு முகப்பில்தான் இருக்கிறது. பழுப்பேறிய அசல் முகப்பு, பளபளக்கும் மறுபூச்சு முகப்பைவிடப் பல மடங்கு மேலானது.

முட்களில் இருக்கும் பூச்சு அநேகமாக ரேடியம், கதிர்வீச்சு உள்ள பொருள். அது இருட்டில் ஒளிராமல் போயிருந்தால் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கூடக் கலந்திருக்கும், ஒளியை உமிழும் துத்தநாக சல்பைடுதான் சோர்ந்துபோயிருக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடங்கள் ஆகும். கண்ணாடி மூடியிருக்கும்வரை கவலை குறைவு. ஆனால் உதிர்ந்த தூள் மூச்சில் போகக் கூடாது. நீங்களாகத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

ஓடுகிறதா என்று பார்க்கச் சாவி கொடுத்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம். எண்ணெய் காய்ந்த இயந்திரம் ஓடினால் அச்சுமுனைகள் தேயும்.

தென்றல்வழி

பழுதுமேசை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "தங்கம் இல்லையே" என்று உங்கள் வீட்டில் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்து நிறுத்துக் கடிகாரங்களில் எஃகு சில சமயம் தங்கத்தை மிஞ்சும். பதேக் ஃபிலிப் நிறுவனத்தின் 1518 என்ற கடிகாரம் பெரும்பாலும் தங்கத்தில்தான் செய்யப்பட்டது. எஃகில் அறியப்பட்டவை 4 மட்டுமே. அவற்றில் ஒன்று 2016-இல் ஜெனீவா ஏலத்தில் 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு விற்றது. உங்களுடையது அந்த உயரத்தில் இல்லை. ஆனால் உலோகத்தை எடைபோட்டு மதிப்புச் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது.

ஏலமணி

அந்தத் தொலைபேசி எண்ணை அழைக்காதீர்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. வாங்க நினைப்பவரே விலை சொல்லும் நிலையில் யாரும் சிக்கக் கூடாது என்கிறேன்.

பிரான்ஸில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு வயதான தம்பதி தங்கள் வீட்டைக் காலி செய்தபோது ஆப்பிரிக்க மர முகமூடி ஒன்றைப் பழைய பொருள் வியாபாரியிடம் 150 யூரோவுக்குக் கொடுத்தார்கள். அது காபோன் நாட்டு ஃபாங் மக்களின் மிக அரிய முகமூடி. 2022-இல் மோன்பெலியே ஏலத்தில் 42 லட்சம் யூரோவுக்குப் போனது. செய்தியைப் படித்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியும். வழக்குப் போட்டார்கள். விற்கும் முன் மதிப்பை விசாரித்துத் தெரிந்துகொள்ள அவர்கள் போதிய முயற்சி எடுக்கவில்லை என்று 2023 டிசம்பரில் அலெஸ் நீதிமன்றம் கோரிக்கையைத் தள்ளிவிட்டது.

இன்னொன்று கொம்பியேன் என்ற ஊரில். ஒரு மூதாட்டியின் சமையலறைச் சுவரில் அடுப்புக்கு மேலே சிறிய மதச் சித்திரம் ஒன்று மாட்டியிருந்தது. வீட்டைக் காலி செய்வதற்கு முன் ஏலக்காரர் ஒருவரை அழைத்து எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார்கள். அவர் அதை நிபுணர்களுக்கு அனுப்பினார். 13-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் சிமபூவேயின் படைப்பு என்று தெரிந்தது. 2019-இல் 2 கோடியே 40 லட்சம் யூரோ. பிரான்ஸ் அரசு நாட்டை விட்டு வெளியே போகவிடாமல் தடுத்தது, பிறகு லூவ்ரு அருங்காட்சியகம் அதைத் தனக்காக்கிக்கொண்டது.

இரண்டு வீட்டாருக்கும் தங்களிடம் இருப்பது என்னவென்று தெரியாது. விற்கும் முன் அதை வாங்க நினைக்காத ஒருவர் பார்த்தாரா என்பதுதான் வித்தியாசம். மதிப்பீட்டுக்குக் கட்டணம் கொடுங்கள். கட்டணம் வாங்குபவர் அந்தப் பொருளை வாங்க மாட்டார் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். விலையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள். முடிந்தால் இரண்டு பேரிடம், ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்லாமல்.

கார்முகில்

படிக்கப் படிக்க மனம் நிதானமாகிறது. நன்றி. அந்த எண்ணை அழைக்கப் போவதில்லை.

பழைய பெட்டியைத் துழாவியதில் தாத்தா இளைஞராக இதே கடிகாரத்தைக் கட்டியிருக்கும் புகைப்படம் கிடைத்தது. பின்னால் அவர் கையெழுத்தில் 1958 என்று இருக்கிறது. இருபத்தைந்து வருட வேலைக்காக நிறுவனம் புதிதாக வாங்கிப் பரிசளித்தது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். 1958-இல் அவருக்கு அவ்வளவு வயதே ஆகியிருக்காது. இது மதிப்பைப் பாதிக்குமா?

காசுப்பெட்டி

புகைப்படத்தைப் பத்திரமாக வையுங்கள் சகோதரி, உறை இருந்தால் உறையையும். நான் நாணயம் சேகரிப்பவன். எங்கள் துறையில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு.

அமெரிக்காவில் 1913 என்று தேதியிட்ட லிபர்ட்டி நிக்கல் என்ற 5 சென்ட் நாணயங்கள் 5 மட்டுமே அறியப்பட்டவை. அவற்றில் ஒன்றை வைத்திருந்த சேகரிப்பாளர் 1962-இல் கார் விபத்தில் இறந்தார். நாணயம் குடும்பத்துக்கு வந்தது. சோதித்துப் பார்த்தவர்கள் தேதியைத் திருத்திய போலி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். அவருடைய சகோதரி அதைத் தூக்கி எறியவில்லை, கிடைத்த விலைக்குத் தள்ளவும் இல்லை. உறையோடு அலமாரியில் வைத்தார். நாற்பது வருடங்களுக்கு மேல் அங்கேயே இருந்தது. 2003-இல் மற்ற நான்கையும் ஒன்றாகக் காட்சிக்கு வைத்தபோது குடும்பத்தார் இதையும் பால்டிமோருக்குக் கொண்டுபோனார்கள். நிபுணர்கள் ஐந்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, இது அசல்தான் என்று முடிவு செய்தார்கள். 2013 ஏலத்தில் 31 லட்சம் டாலரைத் தாண்டியது.

நாற்பது வருடங்களில் யாராவது ஒருவர் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. வீட்டில் கிடைத்த பழைய காசைப் புளிபோட்டு விளக்கிக்கொண்டு வந்து நீட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு வலிக்கும். அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் காலம் படியவைத்த மேற்பரப்பு போனது போனதுதான்.

இன்னொன்று: போலி என்று ஒருவர் சொன்னாலும் இறுதி இல்லை, அசல் என்று ஒருவர் சொன்னாலும் இறுதி இல்லை.

பழுதுமேசை

காசுப்பெட்டி சொன்னதற்கு முழு உடன்பாடு. கார்முகில், நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள். செயின்ட் இமியேரில் உள்ள லான்ஜீன் ஆவணக் காப்பகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கையால் எழுதிய பதிவேடுகள் இருக்கின்றன. இயந்திரத்தில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைக் கொடுத்தால், அந்தக் கடிகாரம் எந்தத் தேதியில் எந்த முகவருக்கு அனுப்பப்பட்டது என்று பார்த்துச் சான்று தருவார்கள். வரிசை எண்ணைப் படம் எடுக்கப் பின்மூடியைத் திறக்க வேண்டும். அதை உங்கள் பழுதுபார்ப்பவரே செய்யட்டும்.

நேர்கோடு

காப்பகச் சான்றை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எச்சரிக்க விரும்புகிறேன். 2021-இல் ஒமேகா நிறுவனத்தின் ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரம் ஒன்று ஜெனீவாவில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விற்றது. வாங்கியது அதே நிறுவனத்தின் அருங்காட்சியகம். பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது அது என்று 2023-இல் வெளிவந்தது. முன்னாள் ஊழியர்களுக்கு இதில் தொடர்பு இருந்ததாக நிறுவனமே சொன்னது. தயாரித்தவர்களையே ஏமாற்ற முடிகிறது என்றால் நம்மைப் போன்றவர்கள் எந்த மூலைக்கு?

பழுதுமேசை

நியாயமான எச்சரிக்கை. சான்று கடிகாரத்தின் பிறப்பைச் சொல்லும். அதற்குப் பிறகு யார் எதை மாற்றினார்கள் என்று சொல்லாது. அதனால்தான் ஒரே வீட்டில் இருந்த கடிகாரத்துக்கு மதிப்பு அதிகம். வியாபாரிகள் கைமாறாமல், ஒரு மனிதரின் மணிக்கட்டில் 1958-இலேயே இருந்ததைக் காட்டும் படம் ஒன்று இருந்தால், அது எந்த முத்திரைக்கும் குறைந்தது அல்ல. அந்தப் படத்தில் முகப்பு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். சிறு வட்டங்களும் எண்களும் இன்றைய முகப்போடு பொருந்தினால் அருமை.

தென்றல்வழி

காகிதங்களின் அருமைக்கு ஒரு எடுத்துக்காட்டு. அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய ஒருவர் 1974-இல் 345 டாலர் சொச்சத்துக்கு ரோலெக்ஸ் டேடோனா கைக்கடிகாரம் வாங்கினார். கட்ட மனம் வராமல் பெட்டகத்தில் வைத்துவிட்டார். 2020-இல் ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதை 5 லட்சத்திலிருந்து 7 லட்சம் டாலர் வரை மதிப்பிட்டார்கள். கட்டாமல் வைத்திருந்தது ஒரு காரணம். ரசீது, உத்தரவாதச் சீட்டு, பெட்டி எல்லாம் அப்படியே இருந்தது இன்னொரு காரணம். வீட்டில் பழைய பொருள் இருப்பவர்கள் அதனோடு வந்த துண்டுச் சீட்டைக்கூடக் குப்பையில் போடாதீர்கள்.

மூத்தமருமகள்

எல்லோரும் கடிகாரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பெண் கேட்ட கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கார்முகில், உன் பெரியம்மாவிடம் சொல். மாமாவிடமும் சொல். விலை பேசுவதற்கு முன், நிபுணரிடம் போவதற்கு முன், இந்த வாரமே சொல். எங்கள் குடும்பத்தில் என் மாமியாரின் பழைய ஓவியம் ஒன்று இளைய கொழுந்தனாரிடம் போனது. யாருக்கும் அதன் மேல் ஆசை இல்லை. சில வருடங்கள் கழித்து அவர் அதை விற்றது வேறு ஒருவர் வழியாக எங்களுக்குத் தெரிந்தது. பணம் பெரிதுதான், ஆனால் மற்றவர்களைக் குத்தியது பணம் இல்லை. "எங்களிடம் சொல்லவே தோன்றவில்லையா" என்ற ஒரு கேள்விதான். என் கணவரும் அவர் தம்பியும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. முன்பே சொல்லியிருந்தால் என் கணவர் ஒரு காசும் கேட்டிருக்க மாட்டார், எனக்கு நன்றாகத் தெரியும்.

நேர்கோடு

அக்கா சொல்வதில் உள்ள வலி புரிகிறது. ஆனாலும் மாற்றுக் கருத்து உண்டு. கொடுத்தது கொடுத்ததுதான். தங்கத்தின் விலை ஏறினால் மாமாவும் பெரியம்மாவும் இவரோடு பங்கு போடுவார்களா? அன்பினால் கொடுக்கப்பட்ட பொருள் நாளை விலைபோகிறது என்பதற்காக ஏன் குற்றவுணர்வோடு ஒப்படைக்க வேண்டும்?

மூத்தமருமகள்

தம்பி, ஒப்படைக்கச் சொல்லவில்லை. சொல்லச் சொன்னேன். இரண்டும் வேறு.

சட்டப்படி

நாட்டுக்கு நாடு வாரிசுச் சட்டம் மாறும், ஆகவே பொதுவாகவே பேசுகிறேன். உயில் இல்லாமல் இறந்தவரின் பொருள்கள் வாரிசுகள் எல்லோருக்கும் உரியவை. வாய்வார்த்தையாகப் பெரியம்மா கொடுத்தார் என்றால், அவர் தம் பங்கைக் கொடுத்தார் என்று வாதிடலாம். மாமாவின் பங்கை யார் கொடுத்தது என்ற கேள்வி எழும். ஏல நிறுவனங்கள் எடுத்தவுடன் கேட்பதும் இதைத்தான்: விற்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா? மூவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் போதும், பின்னாளில் வரும் பெரிய தலைவலி தீர்ந்துவிடும்.

உரிமைக் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு குடும்பம் வங்கிப் பெட்டகத்தில் 1933-ஆம் வருட 20 டாலர் தங்க நாணயங்கள் 10 இருப்பதைக் கண்டது. அந்த வருட நாணயங்கள் சட்டப்படி புழக்கத்துக்கே விடப்படவில்லை. அசல்தானா என்று பார்க்கச் சொல்லி நாணயச் சாலைக்கு அனுப்பினார்கள். அசல்தான் என்று சொன்ன அரசு, இவை அரசுச் சொத்து என்று வைத்துக்கொண்டது. வழக்கு வருடக்கணக்கில் நடந்து, 2017-இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததோடு முடிந்தது. ஒரு நாணயம்கூடக் குடும்பத்துக்குத் திரும்பவில்லை. அதே வருட நாணயத்தில் தனியார் வைத்திருக்கச் சட்டம் அனுமதித்த ஒரே ஒன்று 2021-இல் 1 கோடியே 89 லட்சம் டாலருக்குப் போனது. கடிகாரத்துக்கு இந்தச் சிக்கல் வராது. ஆனால் சிலைகள், கோயில் பொருள்கள், தந்தம், போர்க்காலத்தில் கைமாறிய ஓவியங்கள் ஆகியவற்றைப் பரம்பரையாக வைத்திருப்பவர்கள் விலை கேட்கும் முன் சட்டம் தெரிந்தவரைப் பார்த்துவிடுவது நல்லது.

காப்பீட்டையும் மறக்காதீர்கள். பொதுவான வீட்டுக் காப்பீட்டில் இத்தகைய தனிப் பொருளுக்கு உச்சவரம்பு உண்டு. எழுத்து மதிப்பீடு கிடைத்ததும் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

கார்முகில்

இடையில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெரியம்மாவிடமும் மாமாவிடமும் சொன்னேன். பெரியம்மா சிரித்துவிட்டு, "நான் கொடுத்தது கொடுத்ததுதான்" என்றார். மாமா சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, சிறுவனாக இருந்தபோது அந்தப் பொத்தானை அழுத்தி முள் தாவுவதைப் பார்க்கத் தாத்தா மடியில் ஏறுவாராம், அதைச் சொன்னார். கடிகாரத்தைக் கேட்டிருக்க வேண்டியவர் அவர்தான், அன்றைக்கு வாய் திறக்கவில்லை. எனக்கு அது தெரியாமலேயே இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறேன்.

காப்பகச் சான்று வந்துவிட்டது. எஃகுப் பெட்டி, 13 இசட்.என். இயந்திரம், 1943-இல் ஒரு முகவருக்கு அனுப்பியது. முகப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1943-இல் தாத்தா பள்ளிச் சிறுவன். ஆக, நிறுவனம் புதிதாக வாங்கிக் கொடுத்தது என்ற கதை பொருந்தாது. யாரோ கட்டிய கடிகாரம்தான் அவர் கைக்கு வந்திருக்கிறது. எப்படி என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. பரிசுக் கதையை மதிப்பீட்டாளரிடம் சொல்லவேண்டாம் என்று முடிவு செய்தோம். புகைப்படத்தையும் சான்றையும் மட்டும் கொடுத்தோம்.

இருவர் தனித்தனியாகப் பார்த்தார்கள். முகப்பு அசல், இயந்திரம் அசல், பெட்டியில் பாலிஷ் இல்லை, நிமிட முள் மட்டும் பிற்காலத்தில் மாற்றியது என்று இருவரும் சொன்னார்கள். முள்ளுக்காக மதிப்பைச் சற்றுக் குறைத்தார்கள். ஆனாலும் முதலில் கேட்ட தொகைக்கு மேலேயே நிற்கிறது.

விற்கவில்லை. மூவரும் கையெழுத்திட்ட கடிதம் இருக்கிறது: கடிகாரம் என் பொறுப்பில் இருக்கும், மாமா எப்போது கேட்டாலும் அவரிடம் போகும், என்றாவது விற்றால் மூன்று பங்கு. நேர்கோடு சொன்னதை நான் மறுக்கவில்லை, கேட்டால் கொடுத்துவிடும் அளவுக்கு மாமாவை எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். அடுத்து ஓட வைக்க வேண்டும். பழுதுமேசை ஐயா, யாரிடம் எப்படிக் கொடுப்பது?

பழுதுமேசை

பழைய நிறுத்துக் கடிகாரங்களில் கைபழகியவரிடம் மட்டும். வேலைக்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து இருவரும் ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்து எண்ணெய் இடுவது, தேய்ந்த சுருள்வில்லை மாற்றுவது, இவ்வளவுதான் வேலை என்று எழுதி வாங்குங்கள். முகப்பு, முட்கள், பெட்டி மூன்றையும் தொடக் கூடாது. ரேடியம் இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள், அவர் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். கழற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும், உடைந்த திருகாணி ஆனாலும், சிறு உறையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். மாற்றிய நிமிட முள்ளையும் அப்படியே இருக்க விடுங்கள். அதே வருடத்து அசல் முள் என்றாவது கிடைத்தால் அப்போது பார்க்கலாம். அவசரப்பட்டுப் புது முள் வாங்கிப் போட வேண்டாம்.